சூரியனுக்குக் கண் வரையலாமா?

சென்ற மாரியிலே, யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில் நண்பரொருவரின் வீட்டு விறாந்தையில் அமர்ந்திருந்தோம். அவருடைய நான்கு வயதுப் பேத்தி, தாயின் கைத்தொலைபேசியில் காட்டூன் படமொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிறுவர்க்கு விஞ்ஞானம் புகட்டவென்று தமிழிலே தயாரிக்கப்பட்ட படம் அது. சிரித்த முகமுடைய சூரியன் வந்தான், கையும் காலும் முளைத்த நீர்த்துளி ஒன்று கடலை விட்டுத் துள்ளி மேலே போயிற்று, பருத்த கன்னங்களையுடைய முகிலொன்று அத்துளியை ஏந்திக்கொண்டது, ஈற்றில் முகில் விம்மி அழுதது, மழை பெய்தது. படம் முடிந்த சிறிது நேரத்தில் வெளியே உண்மையாகவே மழை இறங்கிற்று. குழந்தை ஓடிச் சென்று குசினி வாசலில் நின்ற பாட்டியின் சேலையைப் பற்றிக்கொண்டு கேட்டாள்: "அம்மம்மா, முகிலுக்கு எங்கை நோகுது?"

நாம் சிரித்தோம். வீடு திரும்பும் வழியிலே சிரிப்பு அடங்கிவிட்டது. அக்குழந்தை பிழையாக ஒன்றும் கேட்கவில்லை. தனக்குச் சொல்லப்பட்டதை முழுமையாக நம்பி, அதிலிருந்து முறையாக அடுத்த படிக்குச் சென்றிருக்கிறாள். அழுகை இருந்தால் நோவு இருக்கும். நோவு இருந்தால் அதற்கு ஓர் இடம் இருக்கும். தருக்கத்திலே குறையில்லை, நாம் கொடுத்த முதற்கூற்றிலேதான் குறை. எனவே, உண்மையைக் கற்பிப்பதற்குப் பொய்யைக் கருவியாகக் கொள்ளலாமா என்ற பழைய அறவியல் வினா, இன்று ஒவ்வொரு முன்பள்ளியின் வாசலிலும் புதிய வேடத்துடன் வந்து நிற்கிறது.

இவ்வினாவை இரு சாரார் எளிதிலே தீர்த்துவிடுவர். குழந்தைப் பருவம் கதைப் பருவம். இதிலே அறத்தையும் தத்துவத்தையும் தேடுவது வேலையற்றோர் வேலை என்பர் ஒரு சாரார். திரையென்பதே நஞ்சு, பிள்ளையின் கண்ணுக்கெட்டாத இடத்தில் அதனை வைத்துப் பூட்டுக என்பர் மறு சாரார். முதலாமவர் குழந்தையை மதிக்கவில்லை. இரண்டாமவர் குழந்தை வாழும் வீட்டை அறியவில்லை. இருவர் கூற்றையும் ஒதுக்கிவிட்டு விடயத்தை அதன் வேரிலிருந்து ஆராய்வதே நமக்குக் கடன்.

காட்டூன் என வீடுகளிலே வழங்கும் இக்கலைக்கு ஆங்கிலத்திலே இடப்பட்ட பெயரின் பொருளே உயிரூட்டல் என்பதாகும். உயிரற்றதற்கு உயிர் கொடுப்பதே அதன் தொழில். வியப்பு யாதெனில், குழந்தையும் அதே தொழிலைப் பிறர் கற்பிக்காமலே செய்துகொண்டிருக்கிறது. ஜெனீவாவைச் சேர்ந்த உளவியலாளர் ஜான் பியாஜே, குழந்தைகளுடன் நீண்ட உரையாடல்களை நடத்தி, உலகைப் பற்றிய அவர்களின் எண்ணங்களைத் தொகுத்து 1926-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அசைவது எதுவோ அதற்கு உயிரும் எண்ணமும் உண்டென்று இளம் பிள்ளைகள் கொள்வதையும், தாம் நடக்கையில் சூரியனும் சந்திரனும் தம்மைப் பின்தொடர்வதாக நம்புவதையும் அவர் எடுத்துக் காட்டினார். இது மூடத்தனமன்று. தன்னை அறிந்த அளவைக் கொண்டு அறியாத உலகை அளக்க முற்படும் முதற் கொள்கை அது.

ஆனால், ஏற்கெனவே இருக்கும் இந்த இயல்புக்குப் பெரியோரும் துணைபோகும்போது நிகழ்வது என்ன? 2014-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இதற்கு ஓரளவு விடை தருகிறது. மூன்று முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளுக்கு, அவர்கள் முன்னர் அறிந்திராத விலங்குகளைப் பற்றிய படப் புத்தகங்கள் வாசித்துக் காட்டப்பட்டன. சில புத்தகங்கள் விலங்கை விலங்காகவே காட்டின. சில அதனை மனிதர்போல் பேசவும் எண்ணவும் செய்தன. பின்னைய வகையைக் கேட்ட பிள்ளைகள், உண்மையான விலங்குகளுக்கும் மனித எண்ணங்களையும் உணர்ச்சிகளையும் ஏற்றிக் கூறும் போக்கைக் கூடுதலாகக் காட்டினர். மெய்ச் செய்திகளைக் குறைவாகவே கற்றனர். முகிலுக்கு எங்கே நோகிறது எனக் கேட்ட குழந்தை தனித்த ஒருத்தி அல்லள் என்பதை இது உணர்த்தும்.

இதனைக் கொண்டு, பேசும் காகத்தையும் நரியையும் நாடு கடத்திவிடலாமெனச் சிலர் எண்ணக்கூடும். அது தவறு. பாட்டி சொல்லும் காகமும் நரியும் கதை, பறவைகளைப் பற்றிய பாடம் என்ற உரிமையைக் கோரவில்லை. அது பேராசையையும் முகத்துதியையும் பற்றிப் பேசுகிறது. அவ்வகையில் அது உண்மையே பேசுகிறது. கதை தன்னைக் கதையென்று அறிமுகப்படுத்துமிடத்துப் பொய்யில்லை. "இது விஞ்ஞானம்" என்ற முத்திரையோடு அழும் முகில் வரும்போதுதான் நேர்மையைப் பற்றிய கேள்வி எழுகிறது. கடைக்காரன் கறுப்புச் சீனியை விற்பது குற்றமன்று; அதனைத் தேனென்று எழுதி விற்பதே குற்றம்.

அடுத்து, உயிரேற்றிக் காணும் மனப்பாங்கு முற்றிலும் தடையேயென்று கொள்வதும் பொருந்தாது. யப்பானிய ஆய்வாளர் கயோகோ இனகாகி 1990-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இங்கு நினைக்கத்தக்கது. வீட்டிலே நெடுங்காலம் தங்கமீன் வளர்த்த பாலர் வகுப்புப் பிள்ளைகளையும், அவ்வாறு வளர்க்காதவர்களையும் அவர் ஒப்பிட்டார். மீன் வளர்த்த பிள்ளைகள் மீனைப் பற்றிக் கூடுதலாக அறிந்திருந்ததோடு அமையவில்லை. தாம் வளர்த்திராத தவளையைப் பற்றிக் கேட்டபோதும், மீனை உவமையாகக் கொண்டு ஏற்புடைய விடை கூறினர். தன்னிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து தவளைக்கும் சென்ற இம்மனம், உவமை என்னும் ஏணியில் ஏறுகிறது. ஏணியிலே ஏறுவதற்கு அதற்கு ஒரு படி வேண்டியிருந்தது. நாள்தோறும் இரை போட்டு, நீர் மாற்றி, நோய்ப்பட்டால் கவலைப்பட்டு, தன் கையினால் செய்த வேலையே அந்தப் படி. ஆகவே சூரியனுக்குக் கண் வரைந்தோமா இல்லையா என்பதைவிட, குழந்தையின் கைக்கு வேலை கொடுத்தோமா இல்லையா என்பதே பெரிய வினாவாகின்றது.

இவ்விடத்திலே, நான்கு வயதுக் குழந்தைக்கு விஞ்ஞானம் என்பதுதான் யாது எனக் கேட்டாக வேண்டும். செய்திகளின் தொகுதி என்பதே பலரின் விடை. பூமி உருண்டை, அது சூரியனைச் சுற்றுகிறது, இலை பச்சையம் கொண்டது என்று ஒப்புவிக்கும் பிள்ளையைக் கண்டு நாம் பூரிப்படைகிறோம். 1992-இல் ஸ்ரெல்லா வொஸ்னியாடோவும் வில்லியம் புறூவரும் அமெரிக்கப் பள்ளிச் சிறாரிடம் நடத்திய ஆய்வு இப்பூரிப்பைச் சற்றுக் குறைக்கும். பூமி உருண்டை என்று தயங்காமல் கூறிய சிறுவர்களிடம் மேலும் விசாரித்தபோது, சிலர் உள்ளே வெறுமையான உருண்டையொன்றின் நடுவிலே தட்டையான தரையில் மக்கள் வாழ்வதாகக் கருதியிருந்தமை வெளிப்பட்டது. வேறு சிலருக்கு இரண்டு பூமிகள்: நாம் நிற்கும் தட்டைப் பூமி ஒன்று, வானத்திலே மிதக்கும் உருண்டைப் பூமி மற்றொன்று. பெரியோர் சொல்லைத் தட்ட முடியவில்லை. தம் கண்ணையும் விட முடியவில்லை. இரண்டையும் சமரசப்படுத்தி ஓர் உலகை அவர்கள் தாமே படைத்துக்கொண்டனர்.

இதில் நாம் கற்கவேண்டிய பாடமுண்டு. சான்று காட்டாது சொல்லப்படும் விஞ்ஞான உண்மை, கேட்பவன் மனத்திலே உண்மையாக அமைவதில்லை; கட்டளையாக அமைகிறது. மந்திரத்தை நம்பியவன் இன்று கோளங்களை நம்புகிறான். நம்பும் முறை மாறவில்லை. பணிந்து ஏற்றுக்கொண்ட விஞ்ஞானமும் பணிவே. சாதிக்கும் சடங்குக்கும் அதிகாரத்துக்கும் தலைவணங்கப் பழகிய சமுதாயமொன்றிலே, பிள்ளையின் முதற் கல்வியே பணிவுக் கல்வியாக அமையுமானால், பின்னர் எத்தனை பரிசோதனைக் கூடங்களைக் கட்டினும் பயன் சொற்பமே. பிஞ்சு வயதில் நாம் விதைக்க வேண்டியது, "எப்படித் தெரியும்?" என்று கேட்கும் உரிமையும் துணிவும் ஆகும்.

பேர்டோல்ட் பிரெக்ட் எழுதி 1943-இல் சூரிச் நகரில் முதன்முதலாக மேடையேறிய கலிலியோவைப் பற்றிய நாடகத்தின் முதற் காட்சியை நம் வாசகர் பலர் அறிவர். வீட்டுப் பணிப்பெண்ணின் மகனான சிறுவன் அந்திரேயாவுக்குப் பூமி சுழல்வதைக் கலிலியோ விளக்குகிறார். முகம் கழுவும் தாங்கி சூரியனாகிறது. சிறுவன் அமர்ந்திருக்கும் கதிரையை அவனோடு தூக்கி மறுபக்கம் வைக்கிறார். முன்பு இடப்புறம் இருந்த சூரியன் இப்போது வலப்புறம்! அசைந்தது அதுவன்று, நீயே என்பதைச் சிறுவனின் உடம்பே அறிகிறது. காட்சியின் சிறப்பு இதனோடு முடிவதில்லை. அந்திரேயா எளிதிலே மசிபவனல்லன். கெட்டிக்காரனொருவன் உதாரணங்களைக் கொண்டு எதையும் நிலைநாட்டிவிடலாமே என்ற கருத்துப்பட ஐயுறுகிறான். பேரறிஞர் அந்த ஐயத்தைக் கேட்கிறார். விடை கூற முயல்கிறார். பணிப்பெண்ணின் மகனுக்கும் ஐயுறும் உரிமை உண்டென்பதை அங்கே காண்கிறோம்.

காட்டூன் படத்தின் பெருங்குறை இதுவே. அதற்கு வாய் உண்டு, செவி இல்லை. குழந்தை எந்த இடத்திலே ஐயுற்றதென்பதை அது அறியாது. அடுத்த பாட்டுக்குப் போய்விடும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஒரே செயலை நேரில் ஒருவர் செய்துகாட்டும்போது கற்கும் அளவுக்குத் திரையிலே பார்த்துக் கற்பதில்லை என்பது பல பரிசோதனைகளிலே திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒன்றாகும். இரண்டு முதல் நான்கு வயது வரையான பிள்ளைகள் திரைமுன் அமர்ந்திருக்கும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படலாகாது, குறைவாயின் நன்று என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியதையும் ஈண்டு குறிப்பிடல் தகும்.

அப்படியாயின் இக்கருவியைத் தள்ளிவிடலாமா? கூடாது. கண்ணுக்கு எட்டாததைக் கண்ணுக்குக் காட்டும் ஆற்றல் அதற்குண்டு. ஒரு சிரட்டையிலே ஈரத் துணி விரித்துப் பாசிப்பயறு பத்தை இட்டு வையுங்கள். இரண்டு மூன்று நாளிலே தோல் வெடித்து வெள்ளை வேர் எட்டிப்பார்க்கும். விதையினுள்ளே அந்நாட்களில் நடந்ததைப் பிள்ளை காணாது. நல்ல சித்திரமொன்று அதனைக் காட்டலாம். ஆனால் வரிசை முக்கியமானது. படத்தை மட்டும் பார்த்த பிள்ளைக்கு மூன்று நாள் எட்டு விநாடியாகிவிடுகிறது. காலையிலெழுந்து சிரட்டையண்டை ஓடி, "இன்னும் இல்லை" என்று ஏமாறி, துணி காய்ந்த சிரட்டையில் மட்டும் பயறு ஏன் முளைக்கவில்லை என்று மலைத்து நிற்பதை எந்தப் படமும் தர முடியாது. காத்திருத்தலும் ஏமாறுதலும் விஞ்ஞானத்தின் புறத்தே உள்ளவை அல்ல. அவையே அதன் உடம்பு. முதலிலே கை, பின்னர் படம், மீண்டும் கை என்பதே நாம் கூறும் வரிசை.

இவ்வாறு எண்ணிச் செய்தோரும் உளர். கனடாவின் தேசியத் திரைப்படச் சபையில் பணியாற்றிய ஓவியர் காய் பின்டால் 1960-களிலே படைத்த பீப் என்னும் கோழிக்குஞ்சைக் கொண்டு, அமெரிக்காவின் போஸ்ரன் நகரத்துப் பொதுத் தொலைக்காட்சி நிலையம், அந்நாட்டுத் தேசிய விஞ்ஞான மன்றத்தின் நிதியுதவியுடன் ஒரு தொடரைத் தயாரித்தது. 2004-இல் ஒளிபரப்பாகத் தொடங்கிய அத்தொடரிலே கோழிக்குஞ்சும் வாத்தும் பேசத்தான் செய்கின்றன. ஆயினும் ஒவ்வொரு சித்திரக் கதையும் முடிந்ததும், உண்மைப் பிள்ளைகள் அதே விடயத்தைத் தம் கைகளால் ஆராயும் சிறு படமொன்று தொடர்கிறது. கதை ஒரு கேள்வியிலே பிள்ளையை விட்டுவிட்டு, திரைக்கு வெளியே போவென்று கை காட்டுகிறது. பேசும் குஞ்சு அங்கே பொய் சாட்சியன்று. வாசலிலே நின்று அழைக்கும் தோழன்.

இனி, எவருக்காக, எவரால், எந்நோக்கத்துடன் என்ற கேள்விக்கு வருவோம். இக்கேள்வியைத் தவிர்த்து அறவியல் பேசுவது நம் வழக்கமன்று. வறிய குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளி புகுமுன்னரே பின்தங்கிவிடுகின்றனர் என்பதை உணர்ந்து, அவர்களுக்குக் கைகொடுக்கவென்று 1969-ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவிலே தொடங்கப்பட்டது செசமி ஸ்ரீற் என்னும் தொலைக்காட்சித் தொடர். பொம்மைகளும் காட்டூன் துண்டுகளும் கலந்த அத்தொடரைக் கூடுதலாகப் பார்த்த பிள்ளைகள் கூடுதலாகக் கற்றனர் என முதல் ஆய்வுகள் கூறின. ஆனால் 1975-இல் தோமஸ் குக்கும் அவர்தம் தோழரும் அதே தரவுகளை மீண்டும் ஆராய்ந்து ஒரு கசப்பான முடிவை முன்வைத்தனர். பார்க்குமாறு வீட்டாரை நேரில் ஊக்குவித்த இடங்களிலேதான் பயன் பெரிதாயிருந்தது. ஊக்குவிப்பின்றித் தானே பார்த்த பிள்ளை பெற்றது குறைவு. வசதி படைத்தோர் கூடுதலாகப் பயன்பெறின் இடைவெளி குறையாது, பெருகவே இடமுண்டு. நல்ல நோக்கத்துடன் எறியப்பட்ட கயிறும், மேலே நிற்பவன் கைக்கே முதலில் எட்டுகிறது.

நல்ல நோக்கமே இல்லாத இடத்திலே நிகழ்வதைச் சொல்லவும் வேண்டுமோ? கைக்குழந்தைகளின் அறிவை வளர்க்குமென்று நம்பிப் பெற்றோர் வாங்கிய, ஐன்ஸ்டைனின் பெயரைத் தாங்கிய ஒளித்தட்டுகளுக்கு, பலத்த எதிர்ப்பின் பின்னர் 2009-இல் டிஸ்னி நிறுவனம் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. பெற்றோரின் சம்மதமின்றிச் சிறுவரின் விவரங்களைத் திரட்டிய குற்றச்சாட்டிலே 2019-இல் கூகிளும் யூரியூப்பும் 170 மில்லியன் டொலர் செலுத்த நேர்ந்தது. மேதைமை ஒரு காலத்தில் தட்டிலே அடைத்து விற்கப்பட்டது. இப்பொழுது பிள்ளையின் பார்வையே விளம்பரகாரனுக்கு விற்கப்படுகிறது. ஒரு படம் முடியுமுன் மற்றொன்றை நீட்டும் அந்த இயந்திரத்துக்கு, குழந்தை எழுந்து முற்றத்துக்கு ஓடுவது நட்டம். விஞ்ஞானத்துக்கோ அதுவே முதல் இலாபம்.

நம் நாட்டைப் பார்ப்போம். 1945-ஆம் ஆண்டு கன்னங்கராவின் முயற்சியால் மலர்ந்த இலவசக் கல்வி, ஏழை வீட்டுப் பிள்ளையையும் பல்கலைக்கழக வாசல் வரை கொண்டு சென்றது. ஆனால் அக்கல்வியின் கதவு முதலாம் வகுப்பிலேதான் திறக்கிறது. அதற்கு முந்திய ஆண்டுகள் பெரும்பாலும் தனியாரிடமும் சமய நிறுவனங்களிடமும் தொண்டு அமைப்புகளிடமும் விடப்பட்டுள்ளன. சொற்பக் கொடுப்பனவுக்கு உழைக்கும் முன்பள்ளி ஆசிரியைகளே இந்நாட்டுக் குழந்தைகளின் முதல் விஞ்ஞான ஆசான்கள். 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது கல்வி கைத்தொலைபேசிக்குள் புகுந்தது. 2022-இல் மின்சாரம் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நின்றபோது அக்கைத்தொலைபேசியும் அணைந்தது. திரையை மட்டும் நம்பிய கல்வி எத்துணை வலுவற்றது என்பதை அவ்விரு ஆண்டுகளும் நமக்குக் காட்டின.

ஏழைப் பிள்ளைக்கு விஞ்ஞானத்துக்கு வேண்டிய பொருள்கள் இல்லையென்று சொல்வது மெய்யன்று. மண் இருக்கிறது, எறும்பு இருக்கிறது, மழை இருக்கிறது. மலையகத்துப் பிள்ளைமடுவத்தைச் சுற்றியும் புழுவும் பூச்சியும் பனியும் நிறைய உண்டு. இல்லாதது ஒன்றே: அருகிலிருந்து, கேள்வியைக் கேட்டு, "நீ என்ன நினைக்கிறாய்?" என்று திருப்பிக் கேட்க ஓய்வுள்ள ஒரு வளர்ந்த மனிதர். தாய் கொழுந்து பறிக்கிறாள், அல்லது ஆடைத் தொழிற்சாலையிலே மேலதிக நேரம் தைக்கிறாள். அவளுடைய நேரத்தைத்தான் கூலிக்கு வாங்கிவிட்டார்களே! வாங்கப்பட்ட அந்த நேரத்துக்கு ஈடாகத்தான் கைத்தொலைபேசி பிள்ளையின் கையிலே இருக்கிறது. ஆகவே திரையைக் காட்டித் தாயைப் பழிப்பவர்கள் கணக்கின் பாதியையே பார்க்கிறார்கள். பிள்ளைக்கு விஞ்ஞானம் வேண்டுமென்று மெய்யாகவே விரும்புவோர், தாய்க்கு ஓய்வும், முன்பள்ளி ஆசிரியைக்கு வாழத்தக்க ஊதியமும் பயிற்சியும் கேட்டுப் போராட வேண்டியவர்களாவர். விஞ்ஞானக் கல்வியின் பிரச்சினை இவ்வகையிலே உழைப்பு நேரத்தின் பிரச்சினையாகும்.

எடுத்துக்கொண்ட வினாவுக்கு இனி விடை கூறலாம். சூரியனுக்குக் கண் வரையலாம், கதையிலே. பாடத்திலே வரைந்தால், "உண்மையாகவே சூரியனுக்குக் கண் இருக்குமோ? எப்படிப் பார்க்கலாம்?" என்று கேட்க ஒருவர் அருகிலே இருத்தல் வேண்டும். அக்கேள்வி உடனிருக்குமாயின் பொய்யும் பாடமாகும். அக்கேள்வி இல்லாவிடின் மெய்யும் மந்திரமாகும். தமிழிலே இத்தகைய படங்களை ஆக்கும் இளைஞர்கள், ஒவ்வொரு படத்தின் ஈற்றிலும் பிள்ளையை எழுப்பி முற்றத்துக்கு அனுப்பும் ஒரு வேலையையாவது வைப்பார்களாக. ஆசிரியத் தோழர்கள், படத்தை நடுவிலே நிறுத்திப் பிள்ளைகளின் ஐயத்தைக் கேட்பார்களாக. முன்பள்ளி ஆண்டுகளையும் இலவசக் கல்வியின் எல்லைக்குள் கொண்டுவருமாறு கோருவது நம் எல்லோரது கடமையுமாகும்.

அந்த மாரி மாலையில் நடந்ததன் மிகுதியையும் கூறிவிடுகிறோம். பாட்டியார் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். பேத்தியின் கேள்விக்குச் சிரிக்காமல், "எனக்கும் தெரியாது பிள்ளை. வா, பாப்பம்" என்றார். அடுப்பிலிருந்த சோற்றுப் பானையின் மூடியைத் தூக்கிச் சரித்தார். அடியிலே துளிகள் திரண்டு ஒவ்வொன்றாய் விழுந்தன. "மூடியும் அழுகுதோ?" என்றாள் குழந்தை. பாட்டியார் மூடியைச் சற்று ஆறவிட்டு, விரல் நுனியால் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொட்டாள். நெடுநேரம் யோசித்தாள். வெளியே பெய்துகொண்டிருந்த மழையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப முகிலும் சுடுமோ?"

பாட்டியாருக்கு விடை தெரியாது. அவர் குழந்தையின் கையைப் பிடித்துத் தாழ்வாரத்துக்கு அழைத்துச் சென்று, மழையிலே நீட்டச் சொன்னார்.